ஜெனரல் சுந்தர்ஜி: பாலைவனத்துக்கான படை, ஒழுங்கைக்குள் நடந்த போர்

போர் நடந்த ஆண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 1987ஐப் போல இந்திய ராணுவத்தைப் பிழிந்தெடுத்த ஆண்டு வேறில்லை. ஜனவரியில் ராஜஸ்தானில் நடந்த போர்ப் பயிற்சி, பாகிஸ்தானுடன் நிஜப் போராகவே ஆகிவிடும் என்ற நிலைக்குப் போனது. அதே மாதங்களில் அருணாசலப் பிரதேசத்தின் சும்துரோங் சூ பள்ளத்தாக்கில் சீனப் படையும் இந்தியப் படையும் எதிரெதிரே நின்றன. ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி போஃபர்ஸ் பீரங்கி பேரத்தில் கமிஷன் கைமாறியதாகச் செய்தி வெளியிட்டது. ஜூலை இறுதியில் அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அக்டோபரில் அது போர் செய்யும் படையாகிவிட்டது.

இந்த நான்கின்போதும் ராணுவத் தலைமை நாற்காலியில் இருந்தவர் ஒருவரே. செங்கல்பட்டில் பிறந்த கிருஷ்ணசுவாமி சுந்தரராஜன். பட்டாளமும் பத்திரிகைகளும் அவரை சுந்தர்ஜி என்றே அழைத்தன. 1986 பிப்ரவரி 1 முதல் 1988 ஏப்ரல் இறுதி வரை, 27 மாதங்கள்தான் அவர் தலைமைத் தளபதி. ஆனால் சுதந்திர இந்தியாவின் ராணுவத் தளபதிகளில் இவ்வளவு காலம் கழித்தும் வாதத்துக்கு இழுக்கப்படும் பெயர்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று அவருடையது. நவீன இந்திய ராணுவத்தைச் செதுக்கியவர் என்பார்கள் ஒரு சாரார். அகம்பாவம் பிடித்தவர், நாட்டைப் போர் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியவர் என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டுக்கும் சான்று உண்டு. என் பார்வையில், அவரை எடைபோட உதவும் கேள்வி வேறு: ஒவ்வொரு நெருக்கடியிலும் ஆட்சியாளர்களிடம் அவர் என்ன உறுதி கொடுத்தார்? அந்த உறுதியைக் குறுக்கு விசாரணை செய்ய அந்த அறையில் யாராவது இருந்தார்களா?

1928 ஏப்ரல் 28 அன்று பிறந்தவர். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து, பட்டம் வாங்குமுன்பே ராணுவத்துக்குப் போனார். 1946ல் மஹர் ரெஜிமெண்டில் அதிகாரியானார். தீண்டாமைக்கு ஆளான மக்களை ராணுவம் மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்பேத்கர் விடாமல் வலியுறுத்திய பின்னணியில் 1941ல் உருவான ரெஜிமெண்ட் அது. பிறகு வடமேற்கு எல்லைப்புற மாகாணம், காஷ்மீர், காங்கோவில் ஐ.நா. படை, 1965 போரில் ஒரு காலாட்படைப் பட்டாளத்தின் தலைமை, 1971ல் வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் போர்த் திட்டமிடும் பிரிகேடியர் பொறுப்பு. களத்துக்கு நடுவே படிப்பையும் விடவில்லை. குன்னூர் வெலிங்டன் கல்லூரி, அமெரிக்காவின் ஃபோர்ட் லெவன்வொர்த், அலகாபாத்தில் எம்.ஏ., சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புத் துறை எம்.எஸ்சி. கல்லூரியைப் பாதியில் விட்ட பையன், பின்னாளில் தன் சக தளபதிகளுக்கே எரிச்சல் வரும் அளவுக்குப் படிப்பாளியானார்.

அவருடைய நிலைத்த சாதனை எது என்று கேட்டால், தலைமைத் தளபதி ஆவதற்கு முன் செய்த வேலையைத்தான் சொல்வேன். 1971 போருக்குப் பின், 20 ஆண்டு கழித்து ராணுவம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய லெப்டினன்ட் ஜெனரல் கே.வி. கிருஷ்ணராவ் தலைமையில் 1975ல் குழு அமைந்தது. அந்தச் சிறு வட்டத்தில் சுந்தர்ஜி ஒருவர். அவரை உறுத்திய பிரச்சினை எளிமையானது. டாங்கிகள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன. கூடப் போக வேண்டிய காலாட்படை லாரியிலும் நடையிலும் பின்தங்குகிறது. துணைக்கு ஆள் இல்லாத டாங்கி, புதருக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றை ராக்கெட் வீரனுக்கு இரை. அப்படியானால் காலாட்படையையும் கவச வாகனத்தில் ஏற்ற வேண்டும். அதே கவசத்துக்குள்ளிருந்து சுடவும், இறங்கிப் பிடிக்கவும் பழக்க வேண்டும். 1979ல் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமெண்ட் உருவானபோது பழம்பெரும் ரெஜிமெண்டுகளின் மூத்த பட்டாளங்களை எடுத்து அதில் சேர்த்தார்கள். அதன் முதல் பட்டாளமாக ஆனது, 18ஆம் நூற்றாண்டிலிருந்து கால்நடையாகவே போர் கண்டுவந்த 1 மெட்ராஸ். பரம்பரைப் பெருமையில் ஊறிய ராணுவத்தில் இப்படிக் கைவைக்க ஒரு துணிச்சல் வேண்டும். காலாட்படையிலிருந்து வந்து முதலாவது கவச டிவிஷனுக்குத் தலைமை ஏற்ற முதல் அதிகாரியும் சுந்தர்ஜிதான். குதிரைப்படை மரபில் வந்த டாங்கிக்காரர்கள் அதை எப்படி விழுங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1980களின் தொடக்கத்தில் மவ்வில் உள்ள போர்க் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, வேறு யாரும் தொடத் தயங்கிய விஷயத்தைக் கையில் எடுத்தார்: அணுகுண்டு. பொக்ரானில் 1974ல் ஒரு முறை வெடித்துவிட்டு, அதன்பின் அரசு வாய் திறக்காமல் இருந்த காலம். அணுகுண்டு விழும் களத்தில் ராணுவம் எப்படிச் செயல்படும், இந்தியாவுக்கு அது தேவையா என்று அதிகாரிகளிடம் அஞ்சல் வழியாகவே கருத்துக் கேட்டுத் தொகுத்து வெளியிட்டார். சீருடையில் இருந்தபடி இதைப் பேசியதே அன்று துடுக்குத்தனம்.

பிறகு வந்தது அமிர்தசரஸ். 1984ல் அவர் மேற்குப் பிராந்தியத் தளபதி. பொற்கோவில் வளாகத்துக்குள் சீக்கியத் தீவிரவாதத் தலைவர் பிந்தரன்வாலேயும் ஆயுதம் ஏந்தியவர்களும் அரண் அமைத்திருந்தார்கள். அந்த அரணை வடிவமைத்தவர் ஷாபேக் சிங், வங்கதேச விடுதலைப் படைக்குப் பயிற்சி கொடுத்த முன்னாள் மேஜர் ஜெனரல். ராணுவத்தின் பாடத்தை ராணுவத்துக்கே திருப்பிக் காட்டத் தெரிந்தவர். பிரதமர் இந்திரா காந்தி உத்தரவிட்டார். தலைமைத் தளபதி வைத்யா. பிராந்தியப் பொறுப்பு சுந்தர்ஜியிடம். உள்ளே படையை நடத்தியவர் மேஜர் ஜெனரல் குல்தீப் சிங் பிரார். குரு அர்ஜன் தேவின் தியாக நாள் ஜூன் 3. அதற்காக வந்த ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள் உள்ளேயும் சுற்றிலும் இருந்தார்கள். அந்த நேரத்தில் வளாகம் சூழப்பட்டது.

ஜூன் 5 இரவு நுழைந்த காலாட்படை, பளிங்குத் தளத்தில் மறைவே இல்லாமல், நாலாபுறமும் எந்திரத் துப்பாக்கிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. விடிவதற்குள் முடித்துவிடலாம் என்ற திட்டம் தகர்ந்தது. கவச வாகனம் ஒன்றை உள்ளே அனுப்பினார்கள். அது ராக்கெட்டில் அடிபட்டது. கடைசியில் ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கிகள் வளாகத்துக்குள் வந்து, சீக்கியர்களின் உயரிய அதிகார பீடமான அகால் தக்தை நோக்கிச் சுட்டன. 83 வீரர்கள் இறந்ததாக அரசின் வெள்ளை அறிக்கை சொன்னது. உள்ளே இறந்த மற்றவர்கள் 500க்குச் சற்றுக் குறைவு என்பது அரசுக் கணக்கு; சீக்கியர்கள் சொல்லும் கணக்கு அதைப்போல் பல மடங்கு. சீக்கிய நூலகத்தின் அரிய சுவடிகள் எரிந்தன. ராம்கரில் சீக்கிய ரெஜிமெண்ட் மையத்தில் வீரர்கள் கலகம் செய்து தங்கள் பிரிகேடியரையே கொன்றார்கள். அக்டோபர் 31ல் இந்திரா. அதைத் தொடர்ந்து டெல்லித் தெருக்களில் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள். 1986 ஆகஸ்டில், ஓய்வுபெற்ற வைத்யாவைப் புனேயில் சுட்டுக் கொன்றார்கள்.

நெஞ்சில் பணிவோடும் உதட்டில் பிரார்த்தனையோடும் உள்ளே போனோம் என்று சுந்தர்ஜி பின்னர் சொன்னார். அதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் கேள்வி மனநிலையைப் பற்றியது அல்ல, முறையைப் பற்றியது. 1988 மே மாதம், சுந்தர்ஜி ஓய்வுபெற்ற சில நாட்களில், அதே வளாகத்துக்குள் மறுபடி ஆயுதக் குழுக்கள் இடம்பிடித்திருந்தன. கே.பி.எஸ். கில்லின் போலீஸும் தேசியப் பாதுகாப்புப் படையும் சுற்றிவளைத்தன. தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்களை உயரத்தில் நிறுத்தினார்கள், தண்ணீரைத் துண்டித்தார்கள், பத்திரிகையாளர்களைப் பார்க்க விட்டார்கள். பத்து நாளுக்குள் சுமார் 200 பேர் கையை உயர்த்தியபடி வெளியே வந்தார்கள். இரண்டு சூழலும் ஒன்றல்ல: 1984ல் உள்ளே இருந்த ஆயுதமும் அரணும் வேறு தரம், எல்லைக்கு அப்பாலிருந்து ஏதாவது வந்துவிடும், பஞ்சாப் கிராமங்கள் திரண்டுவிடும் என்ற பதற்றமும் இருந்தது. அப்படியிருந்தும், காத்திருத்தல் என்பதும் ஒரு போர் முறை என்பதை 1984ன் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை. சுந்தர்ஜியின் போர்ச் சிந்தனை முழுவதுமே வேகத்தின் மேல் கட்டப்பட்டது.

இதற்கெல்லாம் பிறகும், இதனாலேயே என்பாரும் உண்டு, அவர் 1986ல் தலைமைத் தளபதியானார். வந்ததும் எல்லா அதிகாரிகளுக்கும் ஒரு கடிதம் எழுதினார். பதவி உயர்வுக்காக மேலதிகாரியின் முகம் பார்த்து நடப்பது, ஆடம்பரம், படிப்பில் அக்கறையின்மை என்று அதிகாரி வர்க்கத்தின் நோய்களைப் பட்டியலிட்ட கடிதம். பல முகாம்களில் கைதட்டினார்கள். சில முகாம்களில், இதை எழுத இவருக்கு என்ன தகுதி என்று முணுமுணுத்தார்கள். கூடவே 2000ஆம் ஆண்டை நோக்கிய ராணுவத் திட்டம் வந்தது: கூடுதல் கவச டிவிஷன்கள், சமவெளிப் போருக்காக மறுசீரமைத்த காலாட்படை டிவிஷன்கள், ஹெலிகாப்டரில் பறந்து இறங்கும் படை. எல்லையை ஒட்டித் தடுத்து நிற்கும் படைகள் ஒருபுறம். உள்நாட்டில் மதுரா, அம்பாலா, போபால் பகுதிகளை மையமாகக் கொண்டு, எதிரியின் நாட்டுக்குள் ஆழமாகப் பாயும் தாக்குதல் படையணிகள் மறுபுறம். சுந்தர்ஜி கோட்பாடு என்று பின்னாளில் பெயர் பெற்றது இந்த ஏற்பாடுதான்.

அதை மணலில் ஓட்டிப் பார்த்ததுதான் 'பிராஸ்டாக்ஸ்'. 1986 கடைசியில் தொடங்கிய பயிற்சியில் சுமார் 4 லட்சம் வீரர்கள் ஈடுபட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இந்தியா அதுவரை கண்டிராத அளவு. இடமும் சும்மா தேர்ந்தெடுத்த இடமல்ல. ராஜஸ்தானுக்கு அப்பால் சிந்து மாகாணம். கராச்சியையும் லாகூரையும் இணைக்கும் ரயில் பாதையும் சாலையும் அங்கே எல்லைக்கு வெகு அருகில் ஓடுகின்றன. அந்த இடுப்பில் வெட்டினால் பாகிஸ்தான் இரண்டாகும். பாகிஸ்தான் அதிபர் ஜியாவின் ஆட்சிக்கு எதிராக சிந்து ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். இந்தியா பயிற்சி என்று சொன்னதை இஸ்லாமாபாத் நம்பத் தயாராக இல்லை. தன் பயிற்சிகளை முடித்த படைகளை முகாமுக்குத் திருப்பாமல் பஞ்சாப் எல்லைப் பக்கம் நகர்த்தியது. அங்கே இந்தியாவின் காவல் அப்போது மெலிந்திருந்தது. பஞ்சாபோ உள்ளேயே புகைந்துகொண்டிருந்தது. ஜனவரி மூன்றாம் வாரத்தில் டெல்லி விழித்துக்கொண்டு, விமானங்களில் வீரர்களை ஏற்றிப் பஞ்சாபுக்கு அனுப்பியது.

இந்தக் கட்டத்தில் டெல்லியின் நிலையைப் பாருங்கள். ராஜீவ் காந்தி பிரதமர். 1985லிருந்து பாதுகாப்புத் துறையும் அவரிடமே. அன்றாடப் பொறுப்பு இணை அமைச்சர் அருண் சிங்கிடம். ஜனவரி 20ல் வெளியுறவுச் செயலர் ஏ.பி. வெங்கடேஸ்வரனைப் பத்திரிகையாளர் கூட்டத்திலேயே பதவி நீக்கினார் ராஜீவ். ஜனவரி 24ல் வி.பி. சிங்கை நிதியிலிருந்து பாதுகாப்புக்கு மாற்றினார். எல்லையில் லட்சக்கணக்கான துருப்புகள் நின்ற அதே வாரத்தில் இவ்வளவும். பயிற்சியின் முழு அளவு பிரதமருக்கே தெரியாது என்று பிறகு பேசப்பட்டது. அன்றைய மேற்குப் பிராந்தியத் தளபதி பி.என். ஹூன், இது பயிற்சியே அல்ல, போரைத் தூண்டப் போட்ட திட்டம் என்று பின்னாளில் குற்றம் சாட்டினார். சுந்தர்ஜி தரப்பு அதை மறுத்தது. எனக்குச் சதி என்ற விளக்கத்தைவிட அலட்சியம் என்ற விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. படை நகர்வை எதிரி எப்படிப் படிப்பான் என்று கவலைப்படுவது தளபதியின் வேலை. தளபதி அதைச் செய்தாரா என்று கேட்பது அமைச்சரின் வேலை. இரண்டும் நடக்கவில்லை.

பிப்ரவரி 4ல் படைகளைப் பின்வாங்க உடன்பாடு வந்தது. ஜியா ஜெய்ப்பூரில் டெஸ்ட் மேட்ச் பார்க்க வந்து சிரித்துவிட்டுப் போனார். ஆனால் நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது அணு விஞ்ஞானி ஏ.கியூ. கான், இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரைச் சந்தித்து, பாகிஸ்தானிடம் குண்டு இருப்பதை உணர்த்தியிருந்தார். மார்ச் 1ல் லண்டன் பத்திரிகையில் அது வெளியானது. பாகிஸ்தானை நெஞ்சில் அடிக்கும் படையை உருவாக்கிக் காட்டிய அந்த மாதத்திலேயே, அந்தப் படையை ஏவவே முடியாத காலம் தொடங்கிவிட்டது.

வடகிழக்கில் அதே துணிச்சல் பலித்தது. தவாங்குக்கு மேலே, 1962ல் இந்தியா தோற்ற நாம்கா சூவுக்குப் பக்கத்தில், 1986 கோடையில் சீனர்கள் வாங்துங் என்ற இடத்தைப் பிடித்து அமர்ந்தார்கள். எல்லையில் முன்னேறிக் காவல் நிலை அமைக்கும் நேரு காலத்து முன்னோக்கிய கொள்கை எப்படி முடிந்தது என்று டெல்லியில் எல்லோருக்கும் நினைவிருந்தது. சுந்தர்ஜி அக்டோபரில் புதிய கனரக ஹெலிகாப்டர்களில் படைகளை ஜெமிதாங்குக்கு ஏற்றி, சீன நிலையைப் பார்த்திருக்கும் உயர்ந்த முகடுகளில் அமர்த்தினார். பெய்ஜிங் மிரட்டியது. பிரதமரின் ஆலோசகர்கள் கலங்கியபோது, என் தொழில்முறை ஆலோசனை போதவில்லை என்றால் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று அவர் சொன்னதாக டெல்லி வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். 1962ன் தளபதிகள் யாரும் அப்படிப் பேசியதில்லை. சீனா மேலே தள்ளவில்லை. 1987 பிப்ரவரியில் அருணாசலம் மாநிலமானது. 1988 டிசம்பரில் ராஜீவ் பெய்ஜிங் போனார். முகத்துக்கு முகம் இருந்த காவல் நிலைகளை விலக்க 1995 ஆயிற்று. இங்கே அவர் கொடுத்த உறுதிக்கு அடியில் ஹெலிகாப்டர், உயரம், சாலை, உணவு என்று கணக்கு இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கணக்கு இல்லை. 1987 ஜூலை 29ல் ராஜீவும் இலங்கை அதிபர் ஜெயவர்தனவும் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த நாளே படை இறங்கியது. செகந்திராபாத்திலிருந்து அவசரமாகக் கிளம்பிய 54ஆவது டிவிஷனுக்கு, போகும் இடத்தின் நல்ல வரைபடம்கூடக் கையில் இல்லை. சண்டை போட வந்ததாக அவர்களே நினைக்கவில்லை. விடுதலைப் புலிகளின் ஆயுத ஒப்படைப்பு பாதியில் நின்றது. செப்டம்பர் 26ல் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். இலங்கைக் கடற்படை பிடித்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்டவர்கள் அக்டோபர் 5ல் பலாலியில் சயனைடு கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் நடந்த கொலைகள். டெல்லி போர் என்று முடிவெடுத்தது.

இந்த முடிவின் நடுவில்தான் சுந்தர்ஜியின் உறுதிமொழி இருக்கிறது. புலிகளைச் சில வாரங்களுக்குள் செயலிழக்கச் செய்துவிடலாம் என்று அவர் பிரதமரிடம் நம்பிக்கை தெரிவித்ததாக, அன்று கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் பின்னாளில் பதிவு செய்தார். களப் படைகளின் ஒட்டுமொத்தத் தளபதியான திபிந்தர் சிங்கோ, இதில் இறங்கினால் நீண்ட கெரில்லாப் போரில் மாட்டிக்கொள்வோம் என்று எச்சரித்ததாக எழுதினார். டிவிஷன் தளபதி ஹர்கிரத் சிங்கும் தீட்சித்தும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டியது தனிக் கதை. ஓய்வுக்குப் பிந்தைய எழுத்தில் எல்லோரும் முன்கூட்டியே எச்சரித்தவர்களாக ஆகிவிடுவார்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனால் நடந்தது எச்சரித்தவர்கள் பக்கமே நின்றது.

அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிப் புலித் தலைமையை ஒரே அடியில் பிடித்துவிடும் திட்டம். வானொலிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்ட புலிகள் காத்திருந்தார்கள். கமாண்டோக்களுக்குப் பின் இறங்கிய, சீக்கிய இலகு காலாட்படையின் 13ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த 30 பேர் கொண்ட பிரிவில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். மேற்கொண்டு ஆள் இறக்க முடியாமல் ஹெலிகாப்டர்கள் திரும்பின. கமாண்டோக்களை மீட்க டாங்கிகளை ரயில் தண்டவாளத்தின் மேல் ஓட்டிப்போனார்கள். திடீரென்று வானிலிருந்து இறங்கி எதிரியின் தலையைக் கொய்வது சுந்தர்ஜி காலத்து ராணுவத்தின் கனவு. பாலைவனத்தில் அது சரி. பனங்காணிகளும் கிடுகு வேலிகளும் குச்சொழுங்கைகள் என்ற குறுகிய சந்துகளுமாகப் பின்னிக் கிடந்த குடாநாட்டில், வீட்டுக்கு வீடு ஆள் தெரிந்த ஒரு இயக்கத்துக்கு எதிராக, அது தற்கொலை ஓட்டம். தெருத் தெருவாக, கண்ணிவெடி தாண்டி நகரத்தைப் பிடிக்க அக்டோபர் இறுதி ஆனது.

அந்த வாரங்களில் இறந்த யாழ்ப்பாணத்து மக்களைப் பற்றி இந்திய ராணுவ நினைவுக் குறிப்புகள் அதிகம் பேசுவதில்லை. அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியப் படை சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று 70 பேர் வரை இறந்தார்கள். குறுக்குச் சூட்டில் நடந்தது என்றது இந்தியத் தரப்பு. கண்ணால் பார்த்துப் பிழைத்தவர்கள் சொன்னது வேறு. யாரும் தண்டிக்கப்படவில்லை. சுந்தர்ஜி அங்கே நேரில் உத்தரவிட்டவர் அல்ல. ஆனால் சில வாரங்களில் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் தலைமையிலிருந்து இறங்கியது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பும்போது 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதல்வர் கருணாநிதி போக மறுத்தார். தமிழ்நாட்டில் பிறந்த தளபதி தமிழர் மண்ணில் தொடங்கிய போர் அப்படி முடிந்தது. அவர் அப்போது ஓய்வில் இருந்தார். அவருடைய தமிழ்ப் பிறப்பை வைத்துத் துரோகம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய பார்வையில் அது டிவிஷன்களின் கணக்கு. ஊர் எது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. குறையும் அங்கேதான்.

போஃபர்ஸ் விஷயத்தில் கதை தலைகீழ். 1986 மார்ச் 24ல் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் ராணுவத் தலைமையகம் பிரான்சின் சோஃப்மா பீரங்கியையே மேலானதாக மதிப்பிட்டு வந்தது. சுந்தர்ஜி பதவியேற்ற அதே பிப்ரவரியில் மதிப்பீடு போஃபர்ஸ் பக்கம் திரும்பியது. சந்தேகம் எழாமல் இருக்குமா? அவர் தரப்பின் பதில்: பாகிஸ்தானுக்கு அமெரிக்கா கொடுத்த புதிய ரேடார், குண்டு வந்த திசையை வைத்துப் பீரங்கியின் இடத்தைக் கண்டுபிடித்துவிடும், சுட்டவுடன் இடம் மாறும் பீரங்கியே பிழைக்கும், போஃபர்ஸ் தன் எஞ்சினில் தானே நகரும். இது தொழில்முறையில் நிற்கக்கூடிய பதில். சி.பி.ஐ. 1999ல் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை.

சுவையான பகுதி அடுத்தது. 1987 கோடையில், கமிஷன் வாங்கியவர்களின் பெயரைச் சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தையே ரத்து செய்வோம் என்று கம்பெனியை மிரட்டலாம், பீரங்கி வரத் தாமதமானால் ராணுவம் தாங்கிக்கொள்ளும் என்று அவர் எழுத்தில் கருத்துச் சொன்னார். அரசு ஏற்கவில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று காரணம் சொன்னது. அதாவது, பாதுகாப்புக்குப் பொறுப்பான தளபதியே ஆபத்தில்லை என்றபோது, ஆட்சியாளர்கள் ஆபத்து என்றார்கள். அருண் சிங் ஜூலையில் பதவி விலகினார். 1989ல் தணிக்கை அறிக்கை வந்து எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கூண்டோடு விலகிய பரபரப்பில், ஓய்வுபெற்றிருந்த சுந்தர்ஜி இதை வெளியே சொன்னார். பதவியில் இருந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பதவியில் இருக்கும் தளபதி அரசை எதிர்த்துப் பத்திரிகையாளர்களைக் கூப்பிடும் நாட்டில் வாழ யாரும் ஆசைப்படக் கூடாது. யாழ்ப்பாணத்தில் அவர் கொடுத்த நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்ட அரசு, போஃபர்ஸில் அவர் கொடுத்த கருத்தை அப்படியே ஒதுக்கியது. தளபதியின் சொல்லுக்கு மதிப்பு, அது கேட்பவருக்குச் சாதகமாக இருந்தபோது மட்டும்.

ஓய்வுக்குப் பிறகு அவரை முழுவதும் இழுத்துக்கொண்டது பழைய அணுகுண்டு விவாதம். இங்கே அவர் ஆச்சரியப்படும்படி அடக்கமாகப் பேசினார். நூற்றுக்கணக்கில் குண்டுகளைக் குவிக்கும் அமெரிக்க, ரஷ்யப் பாதை முட்டாள்தனம்; எதிரி முதலில் அடித்தாலும் மிஞ்சி நின்று திருப்பி அடிக்கச் சிறு எண்ணிக்கை போதும்; ஆனால் அதை ஒளித்துவைத்துக்கொண்டு இல்லை என்று சாதிப்பதில் பயனில்லை. 1993ல் இந்திய-பாகிஸ்தான் அணுப்போரைக் கற்பனையாக விரித்து ஒரு புத்தகமே எழுதி, டெல்லியின் அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைக் கிண்டல் செய்தார். திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியமும் இதே திசையில் பல்லாண்டு எழுதிவந்தவர். முதலில் பயன்படுத்தமாட்டோம், குறைந்த அளவே வைத்திருப்போம் என்று இந்தியா பின்னர் அறிவித்த கொள்கையில் இந்த இருவரின் வாதங்களும் கலந்திருக்கின்றன. 1998 மே பொக்ரான் வெடிப்பைப் பார்க்கும் காலம்வரை சுந்தர்ஜி இருந்தார். நரம்பு நோய் உடலை முடக்கிவிட, 1999 பிப்ரவரி 8ல் இறந்தார். மூன்று மாதம் கழித்து கார்கிலில் சண்டை மூண்டபோது, மலை முகடுகளில் இருந்த பாகிஸ்தான் நிலைகளை நொறுக்கியவை அதே போஃபர்ஸ் பீரங்கிகள்.

அவர் வகுத்த பெரும் திட்டத்தில் பாதிக்குமேல் நடக்கவில்லை. 1991 பொருளாதார நெருக்கடியில் பணம் வற்றிப்போனது. மிஞ்சிய தாக்குதல் படையணிகளுக்கு உண்மையான சோதனை வந்தது 2001 டிசம்பரில், நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின். அந்தப் பிரம்மாண்டப் படைகள் முகாமிலிருந்து எல்லைக்கு வந்து சேரவே மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் பாகிஸ்தான் தயாராகிவிட்டது, அமெரிக்கா குறுக்கே வந்துவிட்டது, இரு பக்கமும் அணுகுண்டு. பல மாதம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். 2004ல் ராணுவம் சிறிய, விரைவாகக் கிளம்பும் படைக்குழுக்களைப் பற்றிப் பேசத் தொடங்கியது. 2020ல் லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலுக்குப் பிறகு, 2021ல், மதுராவிலிருந்த தாக்குதல் படையணியைப் பாகிஸ்தான் முனையிலிருந்து திருப்பி லடாக்கை நோக்கி மாற்றினார்கள். சமவெளியில் பாய வேண்டிய கவச டிவிஷன் அதிலிருந்து பிரிக்கப்பட்டது.